கையால் எழுதுவதா, இழுத்து அமைப்பதா? 22 பக்கத் தளம் ஒன்றுக்கான ஆலோசனை

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையதள அமைப்புச் சேவையில், பெட்டிகளை மவுஸால் இழுத்து வைத்து, 22 பக்கங்கள் கொண்ட தளம் ஒன்றை உருவாக்கினார். செடிகளைப் பற்றிய கட்டுரைகளும் அவரே எடுத்த சுமார் 140 படங்களும் அதில் இருக்கின்றன. விளம்பரம் இல்லை, விற்பனை இல்லை. இப்போது அந்தச் சேவை கட்டணத்தை உயர்த்திவிட்டது. தளமும் கைபேசியில் மெதுவாகத் திறக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று தேடினால், தளத்தை மொத்தமாகப் பதிவிறக்க வழியே காணோம்.

மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி மகன், “கையால் எழுதினால்தான் வேகமாக இருக்கும், தேடுபொறிகளும் அதைத்தான் மேலே காட்டும்” என்கிறார். கூடப் பணியாற்றிய தோழியோ, “இப்போது யார் கையால் எழுதுகிறார்கள்? வேர்ட்பிரஸில் போடுங்கள், அதுவும் இழுத்து வைப்பதுதான்” என்கிறார். வாசகி வேர்ட் செயலியில் ஒரு பக்கத்தை, வலைப்பக்கங்களுக்கான மொழியான எச்டிஎம்எல்லில் எழுதிப் பிரவுசரில் திறந்து பார்த்தார். டேகுகள் (கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் குறிகள்) அப்படியே எழுத்தாகத் தெரிந்தன. பழைய தமிழ் ஃபான்டில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒன்பது கட்டுரைகளை ஒட்டிப் பார்த்தபோது வெறும் ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றன. “இந்த வயதில் நிரலாக்கம் கற்க என்னால் முடியுமா? இல்லை, கேட்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

ஆலோசனை

மதிப்புக்குரிய வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தயக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கற்க வேண்டியது நிரலாக்கமே அல்ல. எச்டிஎம்எல் ஒரு குறியீட்டு மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது படத்துக்கான குறிப்பு என்று எழுத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சீட்டு ஒட்டுகிற வேலை. அதில் கணக்கு கிடையாது, ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற நிபந்தனை கிடையாது. ஹெர்பேரியத் தாளில் பெயர், குடும்பம், சேகரித்த நாள் என்று சீட்டு எழுதி ஒட்டப் பல ஆண்டுகள் மாணவர்களைப் பழக்கியிருப்பீர்கள். அந்த ஒழுங்கு கைவந்தவருக்கு இது கடினமாக இருக்காது. கட்டுரையும் படமும் மட்டும் உள்ள தளத்துக்கு, பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம்.

என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் தளத்துக்குக் கையால் எழுதுவதுதான் பொருந்தும். ஆனால் தம்பி மகன் சொல்லும் காரணங்களுக்காக நான் அதைச் சொல்லவில்லை.

மூன்று வேறு பொருள்கள், ஒரே பெயர்

நீங்களும் தோழியும் ‘இழுத்து வைக்கும் எடிட்டர்’ என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலாவது, கணினியில் நிறுவிக்கொள்ளும் எடிட்டர். முன்பு இருந்த ஃப்ரண்ட்பேஜ், 1997இல் வந்த டிரீம்வீவர், சீமங்க்கி பிரவுசருடன் சேர்ந்தே வரும் கம்போசர் எல்லாம் இந்த வகை. மவுஸால் அமைத்தாலும் கடைசியில் உங்கள் ஃபோல்டரில் எச்டிஎம்எல் ஃபைல் வந்து சேரும். அதை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

இரண்டாவது, நீங்கள் இப்போது பயன்படுத்துவது. எடிட்டர், சேமிப்பிடம், வெளியீடு மூன்றும் ஒரே நிறுவனத்திடம். உங்கள் கட்டுரை அங்கே ஃபைலாக இருப்பதில்லை. அவர்களுடைய தரவுத்தளத்தில் துண்டுதுண்டாக இருக்கிறது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போது அவர்களின் மென்பொருள் அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் காட்டுகிறது. பதிவிறக்கப் பொத்தான் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். நீங்கள் எதையோ கவனிக்கத் தவறிவிடவில்லை. பிரவுசரில் ‘பக்கத்தைச் சேமி’ கொடுத்தால் ஏதோ ஒன்று சேமிக்கப்படும். ஆனால் அதற்குள் அவர்களின் சர்வரைத் தேடி ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்தான் பெரும்பகுதி. அதை அப்படியே வேறிடத்தில் ஏற்றித் தளமாக நடத்த முடியாது.

மூன்றாவது, 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ். அது வெறும் எடிட்டர் அல்ல. சர்வரில் பிஎச்பி மொழியிலும் ஒரு தரவுத்தளத்தின் மேலும் ஓடும் முழு மென்பொருள். தோழி சொல்வதில் பாதி சரி. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பத்தி, படம் எல்லாமே கட்டங்களாக எடிட்டரில் தெரிகின்றன. அதிலிருந்து உங்கள் எழுத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்யவும் முடியும். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: அந்த ஃபைலில் படங்களின் முகவரிகள்தான் இருக்கும், படங்கள் இருக்காது.

ஆகவே கையா மவுஸா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது என்பது. ஃப்ரண்ட்பேஜ் 2006இல் கைவிடப்பட்டது. எண்ணற்ற தனிநபர் பக்கங்களைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மவுஸாலேயே தளம் அமைக்கலாம் என்று வந்த அடோபி மியூஸுக்கான ஆதரவு 2020 மார்ச்சில் முடிந்தது. இவற்றில் எதுவும் சிறு கடை அல்ல. இன்னொரு பக்கம் பாருங்கள்: 1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய பக்கங்களை இன்றைய கைபேசி பிரவுசரும் சிரமமில்லாமல் திறக்கிறது. உங்கள் கட்டுரைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வேகமும் தேடுபொறியும்

தேடுபொறி பார்ப்பது கடைசியில் பிரவுசருக்கு வந்து சேரும் பக்கத்தை. அதை விரல் எழுதியதா மவுஸ் எழுதியதா என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. பக்கத்துக்குப் பொருத்தமான டைட்டில் இருக்கிறதா, தலைப்புகள் தலைப்பு டேகில் இருக்கின்றனவா அல்லது பெரிதாக்கிய சாதாரண எழுத்தா, கைபேசியில் படிக்க முடிகிறதா என்பவைதான் கணக்கு. இவற்றை இரண்டு முறையிலும் சரியாகச் செய்யலாம், இரண்டிலும் கெடுக்கலாம்.

வேகமும் அப்படித்தான். உங்கள் தளம் மெதுவாக இருக்கக் காரணம் பெரும்பாலும் படங்கள் என்றே நினைக்கிறேன். ஊகிக்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். அளவு என்ற நெடுவரிசையின் தலைப்பை ஓரிரு முறை அழுத்தினால் பெரிய ஃபைல்கள் மேலே வரும். ஒவ்வொரு படமும் 2, 3 எம்பி என்று வந்தால் குற்றம் படங்களுடையது. அதே படங்களைக் கையால் எழுதிய பக்கத்தில் வைத்தாலும் அதே மந்தம்தான். படங்கள் சிறியவையாக இருந்து, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் மேலே வரிசையாக நின்றால் குற்றம் சேவையுடையது.

எந்த வழியில் போனாலும் படங்களை முதலில் சுருக்குங்கள். நீண்ட பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 80 போதும். இலையின் நரம்பமைப்பு தெளிவாகத் தெரியும், அளவோ பெரும்பாலும் 200 முதல் 500 கேபிக்குள் அடங்கும். விண்டோஸில் இர்ஃபான்வியூவின் தொகுப்பு மாற்றம், எல்லாக் கணினிகளிலும் எக்ஸ்என்கன்வெர்ட் ஆகியவை 140 படங்களையும் ஒரே தடவையில் செய்து முடிக்கும். மூலப் படங்களின் மேல் எழுதிவிடாமல் வேறு ஃபோல்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். இப்போதைய தளத்திலிருந்து படங்களை இறக்காதீர்கள், அங்கே இருப்பது ஏற்கெனவே சுருக்கப்பட்ட நகலாக இருக்கலாம். உங்கள் கேமராவில் அல்லது கைபேசியில் உள்ள மூலத்தையே எடுங்கள்.

இங்கே உங்கள் துறைக்கே உரிய ஓர் எச்சரிக்கை. கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கலாம். சொந்தத் தளத்தில் ஏற்றினால் அது அப்படியே போய்விடும், யார் வேண்டுமானாலும் படத்தை இறக்கி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் வீட்டுத் தோட்டம் என்றால் அது உங்கள் முகவரி. அரிய ஆர்க்கிட் என்றால் பறித்துப் போகிறவர்களுக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும். சுருக்கும்போது எக்ஸிஃப் தகவலைத் தக்கவைக்கும் தேர்வை எடுத்துவிட மறக்காதீர்கள்.

வேர்டில் ஏன் வரவில்லை

வேர்ட் செயலிக்கு நீங்கள் எழுதிய டேகும் ஒரு சாதாரண எழுத்துதான். வலைப்பக்கமாகச் சேமிக்கும்போது, கோண அடைப்புக்குறியைத் திரையில் காட்ட வேண்டிய எழுத்து என்று அது குறித்து வைத்துவிடுகிறது. பிரவுசரும் அப்படியே காட்டுகிறது. போதாததற்கு நேரான மேற்கோள் குறிகளை அது வளைந்த குறிகளாக மாற்றிவிடும், அதனால் இணைப்புகளும் படங்களும் வேலை செய்யாது. உங்கள் பிழை அதில் இல்லை, கருவிதான் தவறு.

வேண்டியது வெறும் எழுத்தை எழுதும் எடிட்டர். நோட்பேட்++ அல்லது விஷுவல் ஸ்டூடியோ கோட், இரண்டும் இலவசம். இரண்டாவதில் லைவ் சர்வர் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், இடப்பக்கம் எழுதுவதைச் சேமித்த உடனே வலப்பக்கம் பிரவுசரில் பார்க்கலாம். மவுஸ் எடிட்டரில் உங்களுக்குப் பிடித்திருந்த அந்த ‘உடனே தெரிவது’ இதிலும் கிடைத்துவிடும். சாதாரண நோட்பேடிலும் எழுதலாம். ஆனால் சேமிக்கும்போது ஃபைல் வகையில் ‘எல்லா ஃபைல்களும்’ என்று தேர்ந்தெடுக்காவிட்டால் பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவைப்பதால், என்ன தவறு என்று நெடுநேரம் தேட வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரிப் பக்கம், 22 நகல்

உங்களுக்குத் தேவையான டேகுகள் 20க்குள் அடங்கிவிடும். முதலில் ஒரே ஒரு பக்கத்தைக் குறையில்லாமல் எழுதுங்கள். அதில் இந்த ஐந்தும் கட்டாயம் இருக்கட்டும்.

முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு. அது இல்லாவிட்டால் பிரவுசர் 1990களின் பக்கங்களுக்கான பழைய விதிகளின்படி அளவுகளைக் கணக்கிடத் தொடங்கும்.

எச்டிஎம்எல் டேகில் மொழி ‘டிஏ’, அதாவது தமிழ். பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க இது உதவும்.

மெட்டா டேகில் எழுத்துக் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை, யுடிஎஃப்-8. பக்கத்தைப் பற்றிய தகவல்களுக்கான ஹெட் பகுதியின் முதல் வரியாகவே எழுதுங்கள், பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8இல் 3 பைட். இந்த வரி விட்டுப்போய், பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால், ‘அ’ என்ற ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிறுக்கல்கள் தெரியும்.

வியூபோர்ட் மெட்டா டேக். இல்லையென்றால் கைபேசி உங்கள் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலத் தாளாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். படிக்கிறவர் விரலால் பெரிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டைட்டில். மாதிரியை நகலெடுக்கும்போது அதிகம் மறந்துபோவது இதுதான். 22 பக்கமும் ஒரே பெயரில் இருந்தால் தேடல் முடிவில் எது எது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகு உடல் பகுதியில் ஒரு எச்1 தலைப்பு, பத்திகளுக்கு பி, உள்தலைப்புக்கு எச்2, படத்துக்கு ஃபிகர் டேகும் அதற்குள் குறிப்புக்கு ஃபிக்கேப்ஷனும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் டேகிலேயே எழுதிவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்து குதிக்காது. ஆல்ட் பகுதியில் படத்தில் என்ன தெரிகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘படம் 14’ என்று எழுதி எந்தப் பயனும் இல்லை. செடிகளின் அறிவியல் பெயர்களுக்கு ஐ டேகைப் பயன்படுத்துங்கள். எச்டிஎம்எல் விதியே அந்த டேகுக்கு உதாரணமாக உயிரினப் பெயர்களைச் சொல்கிறது.

தோற்றத்துக்கு ஒரே ஒரு சிஎஸ்எஸ் ஃபைல், முப்பது வரி போதும். வரியின் அதிகபட்ச அகலம் 38 எம் (எம் என்பது எழுத்தின் அளவை ஒட்டிய அலகு). வரி இடைவெளி 1.7. தமிழில் இகரக் குறி மேலேயும் உகரக் குறி கீழேயும் நீளுவதால், ஆங்கிலப் பக்கங்களில் போதுமான 1.4 இங்கே நெருக்கமாகத் தெரியும். எழுத்துரு வரிசையில் நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ, தமிழ் சங்கம் எம்என் என்று கொடுத்தால் பெரும்பாலான கருவிகளில் ஒன்றாவது இருக்கும். படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம், உயரம் ஆட்டோ. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் விதியைத் தமிழுக்குப் போடாதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். இரு ஓரமும் சமமாக வரும்படி அமைக்கவும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் பள்ளம் பள்ளமாக இடம் விட்டுப்போகும்.

பழைய ஃபான்ட் கட்டுரைகள்

இந்த ஒன்பது கட்டுரைகள்தான் உங்கள் வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி. அவை ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன என்பதிலிருந்தே பாமினி போன்ற ஒரு ஃபான்டில் தட்டச்சு செய்தவை என்று சொல்லலாம். அந்த ஃபான்டில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தையே. ஃபான்ட் மட்டும் ‘எம்’ எழுத்துக்கு ‘அ’ வடிவத்தையும் ‘கே’ எழுத்துக்கு ‘ம’ வடிவத்தையும் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத இடத்தில் உண்மை தெரிந்துவிடுகிறது. மேலே கோடும் கொம்பும் உள்ள ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்திருந்தால் அது டிஸ்கி அல்லது டாப் என்ற பழைய தமிழ்க் குறியேற்றமாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியான மாற்றியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இந்த வேறுபாடு போதும்.

அந்த ஃபான்டையே தளத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கும் வாசிப்பு மென்பொருளுக்கும் நகலெடுக்கும் வாசகருக்கும் அது குப்பைதான். எல்லாக் கணினிகளும் தமிழ் என்றே அறியும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒரு கட்டுரைக்கு சில நொடி. பிரச்சினை மாற்றிய பிறகு வருவது.

முதல் பிரச்சினை, உங்கள் கட்டுரைகளில் நிறைந்திருக்கும் இலத்தீன் பெயர்கள். அவையும் ஆங்கில எழுத்துதானே, பாமினி மாற்றி அவற்றையும் தமிழ் என்று எண்ணிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிடும். மாற்றுவதற்கு முன், வேர்டில் பழைய ஃபைலைத் திறந்து ஒவ்வொரு அறிவியல் பெயரையும் தனிப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் இருந்த இடத்தில் 101, 102 என்று எண் வையுங்கள். எண்கள் பொதுவாக மாறாமல் வரும். பிறகு எண்ணுக்குப் பதில் பெயரை நிரப்புங்கள்.

இரண்டாவது, ஔகாரம். பழைய ஃபான்டுகளில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ‘ள’ எழுத்தும் ஒன்றே. மாற்றிக்கு எது எது என்று தெரியாது. ‘மௌவல்’ என்பதை ஒற்றைக் கொம்பும் தனி ளகரமுமாக ‘மெளவல்’ என்று தரும். கண் பிடிக்காது, ஆனால் தேடலில் அகப்படாது. சில மாற்றிகள் நேர்மாறாகச் செய்யும்: ‘வெள்ளெருக்கு’ என்பது ‘வௌ்ளெருக்கு’ ஆகிவிடும். ஒவ்வொரு கட்டுரையிலும் கன்ட்ரோல்+எஃப் கொடுத்து ஔகாரக் குறியைத் தேடி, வருகிற ஒவ்வோரிடத்தையும் படித்துப் பாருங்கள். பிறகு ‘வெள’, ‘மெள’, ‘கெள’, ‘பெள’, ‘செள’ என்று தேடுங்கள். ஒன்பது கட்டுரைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். இதைத் தம்பி மகனிடம் ஒப்படைக்காதீர்கள். செடிப் பெயர் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

எங்கே இடறும்

உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்து, ஏற்றிய பிறகு படங்கள் மட்டும் காணாமல் போகும். காரணம் பெரும்பாலும் ஃபைல் பெயர். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன, அவை பார்க்கும். கேமரா தரும் பெயரின் முடிவில் ஜேபிஜி பெரிய எழுத்திலும், நீங்கள் பக்கத்தில் எழுதியது சிறிய எழுத்திலும் இருந்தால் சர்வருக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். எல்லாப் பெயரும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு இருக்கட்டும். படத்துக்கான பாதை உங்கள் கணினியின் சி டிரைவில் தொடங்கக் கூடாது. தளத்தின் ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டும். சாய்வுக் கோடு முன்சாய்வாக இருக்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்.

திருத்தி ஏற்றியும் பழையதே தெரிந்தால் பிரவுசர் தன் சேமிப்பிலிருந்து காட்டுகிறது. கன்ட்ரோல்+எஃப்5 அழுத்துங்கள். ஒரு பத்திக்குப் பின் எல்லாமே சாய்வெழுத்தாகவோ இணைப்பாகவோ மாறிவிட்டால் ஒரு டேகை மூட மறந்திருக்கிறீர்கள். டபிள்யூ3சி அமைப்பின் இலவசச் சரிபார்ப்பியில் பக்கத்தை ஒட்டினால் வரி எண்ணோடு சொல்லும். அது பத்துப் பிழை காட்டினால் மலைக்க வேண்டாம். முதலாவதைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள், மற்றவற்றில் பல அதனால் வந்தவையாகவே இருக்கும்.

கையால் எழுதுவதில் உண்மையான சுமை ஒன்றுதான்: எல்லாப் பக்கத்திலும் திரும்ப வரும் மெனு. 22 பக்கத்திலும் 22 இணைப்பு எழுதினால், 23ஆவது கட்டுரை வரும் நாளில் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். அப்படி அமைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் மேலே ‘முகப்பு’ என்ற ஒரே இணைப்பு. முழுப் பட்டியல் முகப்பில் மட்டும். புதுக் கட்டுரைக்கு ஒரு புது ஃபைல், முகப்பில் ஒரு புது வரி, அவ்வளவுதான். எல்லாப் பக்கத்திலும் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தால் விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஃபோல்டர் முழுவதும் தேடி மாற்றும் வசதி இருக்கிறது. முன்னதாக ஃபோல்டரை ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பக்கங்கள் நூறை நெருங்கினால் மாதிரியிலிருந்து எல்லாப் பக்கங்களையும் தாமே எழுதித் தரும் ஹ்யூகோ, எலெவன்டி போன்ற நிலைத்தள உருவாக்கிகளைப் பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம்.

எப்போது என் பதில் மாறும்

வாசகர்கள் பக்கத்தின் கீழேயே கருத்து எழுத வேண்டும், வேறு இருவரும் உங்களோடு சேர்ந்து எழுதப்போகிறார்கள், பயணத்தில் கைபேசியிலிருந்தே பதிவேற்ற வேண்டும், தளத்துக்குள் தேடல் வேண்டும் என்றால் வேர்ட்பிரஸைச் சொல்வேன். கூடவே அதன் பொறுப்பையும் சொல்வேன்: மென்பொருள், தீம் (தோற்ற வடிவம்), பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) மூன்றையும் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத பிளகின் வழியாகத்தான் இத்தகைய தளங்களில் ஹேக்கர்கள் அதிகம் புகுந்துவிடுகிறார்கள். எச்டிஎம்எல் ஃபைல்கள் மட்டும் உள்ள தளத்தில் புதுப்பிக்க எதுவும் இல்லை; ஆறு மாதம் தொடாமல் விட்டாலும் அப்படியே இருக்கும். ‘தொடர்புகொள்ள’ என்ற படிவம் மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்காக வேர்ட்பிரஸ் தேவையில்லை. எச்டிஎம்எல் தானாகக் கடிதம் அனுப்பாது என்பது உண்மை. ஆனால் தளத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து அந்த முகவரியைப் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும்.

உங்களுடையது எது, உங்களுடையது அல்லாதது எது

கட்டுரைகளும் நீங்கள் எடுத்த படங்களும் உங்களுடையவை. அவற்றை எடுத்துப் போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தச் சேவையின் டெம்ப்ளேட், அங்கே சேர்த்துக்கொள்ளத் தந்த அலங்காரப் படங்கள், கட்டண எழுத்துருக்கள் ஆகியவை பொதுவாக அங்கே பயன்படுத்த மட்டுமே தரப்படுபவை. அவற்றை நகலெடுக்காதீர்கள்.

முகவரியையும் பாருங்கள். தளத்தின் முகவரியில் சேவையின் பெயரும் சேர்ந்தே வருகிறது என்றால் அந்த முகவரி அவர்களுடையது, கூடவே எடுத்துவர முடியாது. டொமைன் பெயர் என்னும் சொந்த இணைய முகவரி ஒன்றைத் தனிப் பதிவாளரிடம் வாங்குங்கள், தளத்தை வைக்கும் நிறுவனத்திடம் அல்ல. உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், தானாகப் புதுப்பிக்கும் தேர்வோடு வாங்குங்கள். அன்பின் காரணமாகத் தம்பி மகன் தன் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்பார். அருகில் உட்கார்ந்து உதவட்டும், கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

ஃபைல்களை வைக்க கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்றவற்றில் இலவசத் திட்டங்கள் உண்டு. நெட்லிஃபையில் ஃபோல்டரை அப்படியே இழுத்துவிட்டால் ஏறிவிடும், நீங்கள் பழகிய முறையும் அதுதான். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரம்பு. உங்கள் 140 படங்கள் சுருக்கிய பின் 70 எம்பியைத் தாண்டாது. நாளை இவற்றில் ஒன்று நின்றுபோனாலும் உங்கள் ஃபோல்டர் உங்களிடம் இருக்கிறது. இன்னொன்றில் ஏற்றிவிட்டு டொமைனை அங்கே திருப்பினால் ஒரு நாளில் தளம் திரும்ப வந்துவிடும்.

வேலையின் வரிசை

கட்டணம் அடுத்து எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால், ஒரு மாதமாவது நீட்டிக்கக் குறுகிய திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரத்தில் மாற்றும்போதுதான் கட்டுரைகள் தொலைகின்றன. முதல் வாரம் படங்கள். இரண்டாம் வாரம் மாதிரிப் பக்கமும் சிஎஸ்எஸ்ஸும், அத்தோடு மூன்று கட்டுரைகள் மட்டும். அந்த மூன்றை ஏற்றி, கைபேசியில் படித்துப் பார்த்து, குறைகளை மாதிரியிலேயே திருத்துங்கள். அதன் பிறகே மற்றவை. முதலிலேயே 22 நகல் எடுத்துவிட்டால் ஒரு பிழையை 22 முறை திருத்த வேண்டிவரும். எழுத்தை வெறும் எழுத்து எடிட்டரிலேயே ஒட்டுங்கள், பழைய தளத்தின் அலங்காரக் குறிகள் ஒட்டிக்கொண்டு வராது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 11 மணி நேரம். பழைய ஃபான்ட் கட்டுரைகளுக்குத் தனியாக ஒரு மாலை.

எல்லாம் முடிந்ததும் பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே கட்டுரையின் புது முகவரியை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தவர்களும் தேடுபொறியும் புது இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடிக்கும். தளத்தின் ஃபோல்டரையும் மூலப் படங்களையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். 22 பக்கமும் 140 படமும் அங்கே தெரிந்த பிறகு பழைய கணக்கை ரத்து செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.